லேமினேஷன் போட்ட அக்டோபர்

விருதுநகர் பஜாரில் ‘சம்சு ரெடிமேட்ஸ்’ கடைக்கு அடுத்த கடை காலியாகிறது. அதைப் பிடித்து நடுச்சுவரை இடித்துவிட்டால் கடை இரட்டிப்பாகும் என்று சம்சு பாயும் அவர் மகன் ஃபரீதும் போன வாரம் முழுக்கச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டடச் சொந்தக்காரர் ரத்தினசாமி, அட்வான்ஸ் மூன்று லட்சம் என்று சொல்லிவிட்டார். ஐம்பதாயிரம் ரொக்கம். மீதி இரண்டரை லட்சத்துக்கு அக்டோபர் 28 தேதி போட்ட செக்.

அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தவன் ஃபரீது. வாய்க்கு வந்த தேதி இல்லை. மூன்று வாரம் உட்கார்ந்து பட்ஜெட் போட்டுக் கண்டுபிடித்த தேதி.

சம்சு பாய்க்குத் தெரிந்த பட்ஜெட் ஒன்றுதான். கல்லாவைத் திறந்து பார்ப்பார். காசு இருந்தால் கொடுப்பார், இல்லாவிட்டால் “நாளைக்கு வாங்க” என்பார். முப்பத்தோரு வருடமாக அப்படியே ஓட்டி, ஒரு செக்குகூட பாங்கிலிருந்து திரும்பாமல் காப்பாற்றியவர். ஃபரீதுக்கு அது போதவில்லை. சூலக்கரையில் சிறுவியாபாரிகளுக்கு நடந்த ஒருநாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்தான். லாபம் வேறு, கையில் இருக்கும் காசு வேறு. எந்தத் தேதியில் எவ்வளவு வரும், எந்தத் தேதியில் எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே எழுது என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வந்த அன்றைக்கே பெரிய பெரிய கட்டம் போட்ட பேப்பர் தேட ஆரம்பித்தான்.

சிவகாசி பிரஸ் ஒன்றில் வேலை பார்க்கும் சிநேகிதன் பாலகுரு, மாதக் காலண்டர் வேஸ்ட் சீட்டுகளை ஒரு சுருளாகக் கொண்டுவந்து கொடுத்தான். இந்தப் பக்கத்து வீடுகளில் பாடப்புத்தகத்துக்கு அட்டையும் அலமாரிக்கு விரிப்பும் அந்த வேஸ்ட் சீட்டுதான். கட்டிங்கில் தப்பாக வெட்டுப்பட்டு மேல்பக்கம் போயிருந்தது, அவ்வளவுதான். நாளுக்கு ஒரு கட்டம், விசேஷ நாட்கள் சிவப்பு எழுத்தில். இதைவிட வேறென்ன வேண்டும்?

ஜூலையிலிருந்து டிசம்பர் வரை ஆறு சீட்டு. வரவு பச்சை மை, செலவு சிவப்பு, மிச்சம் நீலம். அக்டோபர் 21 தீபாவளி, 25 ரம்ஜான் என்று சீட்டிலேயே இருந்தது. மூன்று வருடமாக இரண்டும் ஒரே வாரத்தில் ஜோடி போட்டுத்தானே வருகின்றன! ஆறு லட்சம் விற்பனை. எல்லாச் செலவும் போக இரண்டே முக்கால் லட்சம் மிச்சம். 28ஆம் தேதி செக்குக்குப் போனாலும் இருபத்தையாயிரம் நிற்கும்.

இந்த அழகில் அத்தா சம்சு பாயின் டீக்கறை பட்டுவிடக் கூடாதே என்று, சீட்டு ஒன்றுக்கு முப்பது ரூபாய் வீதம் நூற்றெண்பது கொடுத்து ஆறையும் லேமினேஷன் போட்டுவிட்டான். சம்சு பாய் அதைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். அவர் மனைவி பீவி ஜான் மட்டும், ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம் என்பதோடு பாராட்டை நிறுத்திக்கொண்டாள். கையெழுத்துப் போடுவதைத் தவிர தனக்கு எழுத்தே தெரியாது என்பது அவள் எப்போதும் சொல்வது.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை, 2007 ஜூலை 13. செக் கைமாறும் நாள்.

ரத்தினசாமி நாள் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். நாளை அமாவாசை, அவர் இருக்கன்குடி கோயிலுக்குப் போகிறார். அடுத்த இரண்டு நாளும் அவருக்கு ஆகாது. செவ்வாய்க்கிழமை ஆடி பிறந்துவிடும், ஆடியில் அவர் புதுக்காரியம் எதையும் தொடமாட்டார். இன்றைக்கே காலையில் ராகுகாலம், மத்தியானம் இவர்களுக்கு ஜும்மா, மூன்றிலிருந்து நாலரை வரை எமகண்டம். கழித்துக் கட்டியதில் மிஞ்சியது நாலரை மணி.

வீடு கடைக்கு நேர் மேலே. பால்கனியிலிருந்து கயிற்றில் ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளி இறங்கும். டீ, சில்லறை, சாவி, பீவி ஜானின் கோபம் எல்லாமே அதில்தான் கீழே போகும்.

மத்தியானம் ஆண்கள் ஜும்மாவுக்குப் போனார்கள், கடை ஷட்டர் பாதி இறங்கியது. மருமகள் மஹ்ரீன் மாடியில் சீட்டுகளை விரித்து உட்கார்ந்தாள். ராஜபாளையத்துப் பெண், பி.காம். கல்யாணமாகி எட்டு மாதம். பார்த்து ரசி என்றுதான் ஃபரீது அவளிடம் கொடுத்திருந்தான், சரிபார் என்று சொல்லவில்லை. அவளும் ரசிக்கத்தான் செய்தாள். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக் கட்டத்தின் மூலையில் மட்டும் ‘மு 1500’ என்று, லேமினேஷனுக்கு அடியில், பென்சிலில் குட்டியாக எழுதியிருந்தது. முட்டையாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு இந்த வீட்டில் முட்டை தின்பது யார் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

இன்றைக்கு ஐம்பதாயிரம் போகிறதே, அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போடலாம் என்று பதின்மூன்றைத் தேடினாள். பேனா லேமினேஷனில் வழுக்கியது. அழுத்திப் போடக் குனிந்தவள், கட்டத்துக்கு நேர் மேலே ‘வியாழன்’ என்று இருப்பதைப் பார்த்தாள்.

ஊர் ஆண்பிள்ளைகள் முழுக்க ஜும்மாவில் நிற்கிறார்கள். இன்றைக்கு எப்படி வியாழக்கிழமையாகும்?

அச்சுப்பிழையாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அக்டோபரை எடுத்தாள். ரம்ஜான் 25. போன வருடப் பெருநாளும் அதே இருபத்தைந்துதான். மறுநாள்தான் இவர்கள் ஐந்து தட்டு இனிப்போடு அவளுக்கு நிச்சயம் போட வந்தார்கள், அவள் எப்படி மறப்பாள்? பெருநாள் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முந்தி வருமே தவிர, அதே தேதியில் குத்தவைத்து உட்காராது.

அடுப்படிக்கு ஓடி, சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரின் தாள்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். ரம்ஜான் அக்டோபர் 14. தீபாவளி நவம்பர் 8. மூன்று வருடம் ஜோடியாக வந்த இரண்டும் இந்த வருடம் இருபத்தைந்து நாள் பிரிந்துவிட்டன. பாலகுரு கொடுத்தது போன வருடத்துச் சீட்டு. வருடம் போட்டிருந்த தலைப்பகுதிதான் கட்டிங்கில் போயிருந்தது. புருஷன் மூன்று வாரம் உட்கார்ந்து, நடந்து முடிந்த வருடத்துக்கு பட்ஜெட் போட்டிருக்கிறான்.

பிரிந்தால் என்ன, விற்கிற துணி விற்கத்தானே போகிறது? அவளும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் தீபாவளிக் கூட்டம் என்பது சுற்றுவட்டாரத்துப் பட்டாசு, தீப்பெட்டி கம்பெனிகளின் கூட்டம். போனஸ் கைக்கு வந்தால்தான் அது பஸ் ஏறும். அது எப்போது வரும் என்று எந்தக் காலண்டரிலும் போட்டிருக்காது.

பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கடைப் படியில் செல்லத்தாய் உட்கார்ந்திருந்தாள். ஆமத்தூர்ப் பக்கம் பட்டாசு கம்பெனியில் வேலை செய்பவள். மகளுக்கு யூனிபார்ம் எடுப்பதற்காக லீவு போட்டு வந்து, ஜும்மா முடியட்டும் என்று காத்திருந்தாள். இந்த வருடம் போனஸ் எப்போது என்று மஹ்ரீன் மேலேயிருந்து கேட்டாள்.

“தீவாளிக்கு எட்டு நாள் இருக்கையில கணக்குப் பாப்பாக. துட்டு கைக்கு வர அஞ்சு நாள்னு ஆயிரும்” என்றாள் செல்லத்தாய், தெருவுக்கே கேட்கும்படி. “ஏன் தாயி, ஆனி மாசத்துலயே கைமாத்து கேக்கப் போறீகளா?”

மஹ்ரீன் ஒரு சட்டைப் பெட்டியின் மூடியைத் திருப்பிப் போட்டுக் கணக்கை எழுதினாள். அக்டோபர் தொடங்கும்போது கையில் நாற்பதாயிரம். ரம்ஜான் விற்பனை மட்டும் இரண்டு லட்சத்து இருபதாயிரம். ரம்ஜான் சரக்குக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் கட்டவேண்டும். வாடகை, சம்பளம், வீட்டுச் செலவு நாற்பத்தையாயிரம். தீபாவளிச் சரக்கு இரண்டு லட்சம், அதில் பாதியை ஈரோட்டு மொத்த வியாபாரி சரக்கு எடுக்கும்போதே கேட்பார். கழித்தாள். 28ஆம் தேதி கல்லாவில் ஐயாயிரம் துண்டு விழுந்தது. அந்த நிலைமையில் இரண்டரை லட்சத்துக்குச் செக் பாங்குக்குப் போகும்.

நவம்பருக்கும் போட்டுப் பார்த்தாள். வாடகையும் சம்பளமும் மாதக் கடைசியில்தான். தீபாவளி விற்பனை மூன்று லட்சத்து எண்பதாயிரம் வந்து, மீதிச் சரக்குப் பணம் ஒரு லட்சத்தையும் கொடுத்தால், நிற்பது அதே இரண்டே முக்கால் லட்சம். காசு எங்கேயும் போகவில்லை, பத்துப் பதினோரு நாள் தாமதமாக வருகிறது. ஆனால் பாங்குக்காரனுக்கு வரப்போகிற காசு என்று ஒரு காசு கிடையாது.

ஃபரீதுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பள்ளிவாசலுக்குள் போகும்போது சைலண்டில் போட்டவன் அதை மறந்துவிட்டு, தொழுகை முடிந்ததும் பணம் எடுக்க நேரே பாங்குக்குப் போய்விட்டான். பதினேழு தடவை போட்டாள்.

சம்சு பாய் மட்டும் சாப்பிட வந்தார். சோற்றில் கறி ஆணத்தை மூன்று தடவை ஊற்றியபடி அவள் மூன்று தடவை வாயைத் திறந்தாள். மூன்று தடவையும் பீவி ஜான் கண்ணால் அதட்டினாள். அடுப்படிக்கு வந்ததும் விளக்கமும் சொன்னாள். புருஷன் செய்த தப்பு முதலில் புருஷன் காதுக்குத்தான் போகவேண்டும், அது மாமனார் காதுக்கு முந்திப் போய்விட்டால் குடும்பத்துக்கு ஆகாது. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சொன்னால் புருஷன் முகம் கறுக்கும், சொல்லாவிட்டால் மாமனாரின் முப்பத்தோரு வருடம் கறுக்கும்.

நாலு இருபத்தைந்துக்கு ரத்தினசாமியும் ஃபரீதும் தெருமுனையில் சந்தித்துச் சேர்ந்தே வந்தார்கள். அவனைத் தனியாகப் பிடிக்க வழியில்லை. மேலே டீ தயாரானது. மஹ்ரீன் ஒரு விலைச்சீட்டின் பின்புறம் நெருக்கி எழுதி, ஃபரீது எப்போதும் குடிக்கும் நீல டம்ளரின் அடியில் ஒட்டி, வாளியை இறக்கினாள்.

வீட்டில் நல்ல டம்ளர் அது ஒன்றுதான். விருந்தாளிக்கு நல்ல டம்ளரைக் கொடுக்கவேண்டும் என்று பிள்ளையை வளர்த்தவளும் பீவி ஜான்தான். ஃபரீது அதை எடுத்து மரியாதையாக ரத்தினசாமியிடம் நீட்டினான்.

பால்கனிக் கம்பி வழியே இதைப் பார்த்த மஹ்ரீனுக்கு உயிர் போய் வந்தது.

ரத்தினசாமி இரண்டு வாய் குடித்தார். விரலில் என்னவோ உரச, டம்ளரைத் தூக்கி அடியைப் பார்த்தார். சீட்டைப் பிய்த்துக் கண்ணுக்குப் பக்கத்திலும் தூரத்திலும் வைத்துப் பார்த்துவிட்டு சம்சு பாயிடம் கொடுத்தார்.

“பாய், என்னமோ எளுதியிருக்கு. நான் கண்ணாடி கொண்டாரல. நீங்க வாசிங்க.”

சம்சு பாய் வாசித்தார். ‘மச்சான், 28 வேண்டாம். சீட்டு போன வருசத்துது. தீபாவளி நவம்பர் 8. செக் திரும்பும்.’ மறுபடியும் வாசித்தார். அது தேயிலைக் கணக்கு என்று ரத்தினசாமியிடம் சொல்லிவிட்டு, மேலே பார்த்து மருமகளை அழைத்தார். மகனைத் தோளைப் பிடித்து எழுப்பினார்.

பேசுவதற்குக் கடையில் மறைவான இடம் ஒன்றுதான், துணி போட்டுப் பார்க்கும் அறை. ஓராள் நிற்கும் அந்த அறைக்குள் மூன்று பேர் நுழைந்து திரையை இழுத்துக்கொண்டார்கள். கண்ணாடியில் ஆறு பேர் தெரிந்தார்கள். மஹ்ரீன் அட்டை மூடியை நீட்டி, குரல் வெளியே போகாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

ஃபரீது முதலில் பாலகுருவைத் திட்டினான். பிறகு லேமினேஷன் போடுகிறவன் பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்றான். அதற்குமேல் திட்ட ஆள் கிடைக்காமல் அட்டை மூடியையே பார்த்துக்கொண்டு நின்றான். மஹ்ரீனுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“உங்க தொகையில ஒரு ரூவா தப்பில்ல மச்சான்” என்றாள். “தேதிதான் தள்ளிப் போச்சு.”

அவன் தலையை நிமிர்த்தினான். “தப்பு என்னோடதுதான் அத்தா. கிளமைகூடப் பாக்காம எளுதிட்டேன்.”

சம்சு பாய் மகன் தோளில் வைத்திருந்த கையை எடுக்கவில்லை. திரும்பி வந்த செக்கோடு பாங்கு வாசலில் நிற்பதை அவர் அந்த ஒரு நிமிடத்தில் முழுசாகப் பார்த்துவிட்டார்.

அப்பாவும் பிள்ளையும் வெளியே வந்தார்கள். மஹ்ரீன் திரைக்குப் பின்னாலேயே நின்றாள். செக் நவம்பர் 12 தேதிக்குத்தான் போடமுடியும் என்று சம்சு பாய் சுற்றி வளைக்காமல் சொன்னார். ரத்தினசாமி டம்ளரைக் கீழே வைத்தார். பேசின பேச்சு 28, அதற்காக நாலு பேரை வேண்டாம் என்று அனுப்பியிருக்கிறேன், எனக்கும் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது என்று நீளமாகப் பேசினார். கடைசியில், அப்படியானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்தும்விட்டார்.

ஃபரீதின் முகம் விழுந்தது. இடிக்க வேண்டிய சுவர் அவன் கண்ணெதிரே மறுபடியும் உயர்ந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது. “மாமா, அண்ணாச்சியை அவசரப்படுத்தாதீக. செவ்வாக்கிளமை ஆடி பொறக்குது. அவுக ஆவணியில நிதானமா ஆளு பாக்கட்டும்.”

எழுந்த ரத்தினசாமி அப்படியே நின்றார். ஆடி முழுக்கக் கடை பூட்டிக் கிடக்கும். வேறு ஆளைப் பிடிப்பதற்கு அவருக்கு இருப்பது இன்றைக்கு மிச்சமிருக்கும் பொழுது மட்டும்தான். சுவர்க் கடிகாரம் நாலு ஐம்பது காட்டியது. சம்சு பாய்க்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. சாவகாசமாக டீயை ஆற்ற ஆரம்பித்தார். ஆறிப்போன டீயை ஒருவர் அத்தனை நேரம் ஆற்றி ரத்தினசாமி பார்த்ததில்லை.

“பன்னண்டாந் தேதி என்ன கிளமை?” என்றார் ரத்தினசாமி.

ஃபரீது வாயைத் திறந்தான். பிறகு, சொல்வதற்கான தகுதி தனக்கு இன்றைக்கு இல்லை என்று தோன்றவே, திரையைப் பார்த்தான். திங்கட்கிழமை என்று பதில் வந்தது. திங்கள் நல்ல நாள்தான் என்று ரத்தினசாமி உட்கார்ந்தார்.

சம்சு பாய் செக்கில் தேதியை எழுதி, ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டு வாசித்து, திரைக்குப் பின்னால் சரி என்ற சத்தம் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

பொழுது சாய ஃபரீது மாடிக்கு வந்தான். லேமினேஷனைப் பிரிக்கமுடியுமா என்று கேட்டான். முடியாது, ஆனால் அந்த நூற்றெண்பது ரூபாயை ஜூலைச் செலவில் எழுதிவிடலாம் என்றாள் மஹ்ரீன். அவன் முறைக்கப் பார்த்தான், சிரிப்பு முந்திக்கொண்டது. பீவி ஜான் அக்டோபரைத் துடைத்துக் கவிழ்த்துப் போட்டு, ராத்திரிக்குச் சப்பாத்தி தேய்க்கத் தொடங்கினாள். மாவு ஒட்டவேயில்லை.

கீழேயிருந்து வாளிக் கயிறு ஆடியது. மஹ்ரீன் இழுத்தாள். வாளியில் கடையின் பெரிய நோட்டும் கல்லாவின் இரண்டாவது சாவியும் இருந்தன. சம்சு பாய் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“தாயி, புதுசா நீயே போடு. கல்லாவுல இருந்து யாரு எடுத்தாலும், நானே எடுத்தாலும், பேரோட எளுது. பேரில்லாத கட்டம் ஒண்ணுகூட இருக்கக் கூடாது.”

எட்டு மாதத்தில் அந்த வீட்டில் அவளுக்கு இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். பீவி ஜானின் கை மாவில் அப்படியே நின்றிருந்தது. அவளுக்குப் பின்னால் சுவரில், பால்கணக்கு எழுதும் அட்டையில் ஒரு பென்சில் தொங்கியது. அந்த அட்டையின் எழுத்தும், ஐந்தாம் தேதிக் கட்டத்து ‘மு’வும் ஒரே கை. எழுத்தே தெரியாது என்பவள்தான் மாதாமாதம் கல்லாவிலிருந்து ஆயிரத்தைந்நூறு எடுத்துக் குறித்தும் வைத்திருக்கிறாள்.

பீவி ஜான் ஃபரீது காதில் விழாதபடி பக்கத்தில் வந்தாள்.

“மாமா சொன்னபடி எல்லாத்தையும் எளுது தாயி. அஞ்சாந் தேதிக் கட்டத்தை மட்டும் வெறுமனே விட்டுரு.”